புகைமூட்டமும் உயிர்வளியும்

ஒரு நாட்டில் ஒரு துன்பம் அடிக்கடி வருமாயின், மக்கள் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வைத்தபின் துன்பம் பழகிப்போகும். பழகிய துன்பத்தைப் பற்றி மேலும் எண்ணும் முயற்சியை அப்பெயரே தடுத்துவிடுவதும் உண்டு. மலேசியத் தமிழர் நாவில் வழங்கும் 'புகைமூட்டம்' என்னும் சொல் இன்று ஏறக்குறைய இந்நிலையை அடைந்திருக்கிறது. செய்தித்தாள் 'புகைமூட்டம்' என்று எழுதுகிறது. பள்ளி மாணவன் 'புகைமூட்டம்' என்று கட்டுரை வரைகிறான். கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது, மழை வந்தால் தீரும் என்று அக்கட்டுரை முடிகிறது. புகை நுரையீரலுக்குள் சென்றபின் அங்கே நடப்பது என்ன என்னும் வினா எழுவதே இல்லை. தமிழில் இப்பொருள் பற்றி வரும் எழுத்துகளின் பெருங்குறை இதுவே.

இக்குறையை ஆராய்வதற்கு ஜொகூரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. 2013ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் காலை 7 மணிக்கு மூவார் நகரில் காற்று மாசுக் குறியீடு 746 என்று பதிவாயிற்று. 300ஐக் கடந்தால் 'ஆபத்தான நிலை' என்றும், 500ஐக் கடந்தால் அவசரநிலைக்கு உரியது என்றும் வகுத்துள்ள ஓர் அளவையில் இது 746! அன்றே மூவார் மாவட்டத்திலும், இன்று தங்காக் எனப்படும் அன்றைய லேடாங் மாவட்டத்திலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜி. பழனிவேல். இரண்டு நாள் கழித்து, காற்றுத் திசை மாறி வானம் தெளிந்தபின், அவசரநிலை விலக்கப்பட்டது. வானம் தெளிந்தது உண்மை. உள்ளிழுத்த மூச்சும் அத்துடன் தெளிந்ததா?

மூட்டம் என்னும் சொல்

முதலில் சொல்லைப் பார்ப்போர் அதனைக் குறைகூற இயலாது. 'மூட்டம்' மிக நல்ல சொல். மூடுதல், தீ மூட்டுதல் ஆகிய இரு பொருளும் அதில் நிழலாடுகின்றன. மேகமூட்டம் என்பதில் முதற்பொருள் விளங்கும். இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்தில் வழங்கும் கரிமூட்டம் என்பதில் இரண்டும் சேர்ந்து விளங்கும். கருவேல விறகை அடுக்கி, மேலே மண்ணைப் போர்த்தி, உள்ளே தீயிட்டு, காற்று மிகாமல் பல நாள் கனியவிடுவது கரிமூட்டம். சுடர் தோன்றாது, புகை மட்டும் கசியும்.

சுமத்திராவில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே என்பதை எத்தனை பேர் கருத்தில் கொண்டிருக்கின்றனர்? மலாய் மொழியில் 'கம்புட்' எனப்படும் சதுப்பு மண், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இலையும் வேரும் முழுதும் மட்காமல் நீரூறித் திரண்டது. தோட்டப் பயிருக்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் அது விறகாகிவிடுகிறது. தீ மேலே அணைந்தாலும் கீழே கனன்றுகொண்டே இருக்கும். சிறுமழைக்கும் அடங்காது. போதிய காற்றின்றி அரைகுறையாக எரிவதால், சுடர்விட்டு எரியும் தீயைக் காட்டிலும் மிகுதியான கரிமத் துகள்களை அது கக்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அவற்றைச் சுமந்து நீரிணையைத் தாண்டி ஜொகூருக்குக் கொண்டுவருகிறது. இத்தகைய சதுப்பு மண் மூவார், பத்து பகாட், பொந்தியான் ஆகிய இடங்களிலும் உண்டு. ஆகவே இது அயல்நாட்டு நோய் மட்டும் அன்று.

ஆக, 'புகைமூட்டம்' என்னும் சொல் எரியும் இடத்தின் இயல்பையும் வானத்தின் தோற்றத்தையும் செவ்வனே காட்டுகிறது. ஆனால் அது கண்ணுக்குப் புலனாவதைக் காட்டும் சொல். கண்ணுக்குப் புலனாகாததே உடலுக்குப் பெருந்தீங்கு செய்கிறது. 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் குறுக்களவுள்ள நுண்துகள், தலைமயிரின் தடிப்பில் இருபது முதல் முப்பதில் ஒரு பங்கே ஆகும். மூக்கும் தொண்டையும் பெருந்தூசியைத் தடுத்துவிடும்; இந்நுண்துகளோ நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்லும். வானத்தில் மூட்டம் இல்லாத நாளிலும், நெடுஞ்சாலை ஓரத்திலும் தொழிற்பேட்டை அருகிலும் அது இருந்துகொண்டே இருக்கிறது.

இன்னொரு தவறும் இச்சொல்லால் விளைகிறது. புகை தெரிந்தால்தான் மாசு என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் வட்டாரத்தில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக்கழிவிலிருந்து எழுந்த ஆவியால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர்; 111 பள்ளிகள் மூடப்பட்டன. அங்கே வானை மறைத்த மூட்டம் ஏதும் இல்லை. அது துகளால் வந்த கேடு அன்று, ஆவியால் வந்தது. எனினும் காற்றைக் கண்ணால் மதிப்பிடும் பழக்கம் எவ்வளவு பிழையானது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

எண்ணும் எடையும்

சொல்லுக்கு அடுத்தபடி எண். குறியீடு 100ஐத் தாண்டினால் திடல் விளையாட்டை நிறுத்துக. 200ஐத் தாண்டினால் பள்ளியை மூடுக. இது கல்வி அமைச்சின் விதி. விதி வேண்டியதே. ஆனால் 99 என்றால் நலம், 101 என்றால் கேடு என்று மாணவன் நினைப்பானாயின் அது எண்ணின் பிழை அன்று, கற்பித்தலின் பிழை.

அந்த எண் எதை அளக்கிறது? 2013இல் மூவாரின் 746 என்பதைத் தந்த அளவையில் 10 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்களே கணக்கில் இருந்தன. 2.5 மைக்ரோமீட்டர் நுண்துகள் தனியாகச் சேர்க்கப்படவில்லை. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் 2014 ஏப்ரலில் அதனைச் சேர்த்தது. மலேசியா 2018இல் சேர்த்தது. இது போற்றத்தக்க திருத்தம். எனினும் முன்னும் பின்னும் அளக்கப்படுவது ஒன்றே: ஒரு கன மீட்டர்க் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் துகள் என்னும் எடை. 24 மணி நேரச் சராசரிக்கு மலேசியா 2020இல் கொண்ட வரம்பு 35 மைக்ரோகிராம். உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 15.

எடையை அளப்பது எளிது. நாட்டுக்கு நாடு ஒப்பிடலாம். அமெரிக்காவில் ஆறு நகரங்களில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1993இல் ஹார்வர்டு ஆய்வாளர் வெளியிட்ட முடிவும் துகளின் எடையையே அடிப்படையாகக் கொண்டது. மாசு மிகுந்த நகரில் இறப்பு விகிதம், மாசு குறைந்த நகரைவிட 26 விழுக்காடு மிகுந்திருந்தது என்பது அதன் முடிவு. 2013 அக்டோபரில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வெளிக்காற்று மாசையும் அதிலுள்ள துகள்களையும் புற்றுநோய் விளைப்பன என உறுதியாக வகைப்படுத்தியது. எடை என்னும் அளவை பயனற்றது என்று இவற்றை அறிந்தோர் கூறமாட்டார்.

ஆயினும் அஃது ஓர் உண்மையை மறைக்கிறது. கடலலையிலிருந்து தெறித்து உலர்ந்த உப்பும் துகளே. டீசல் வண்டி கக்கும் கரியும் துகளே. இரண்டும் தராசில் ஒன்றாக நிற்கலாம். நுரையீரலில் ஒன்றாக நிற்குமா? 2020இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு இதனை நுணுகி ஆராய்ந்தது. துகளின் எடையில் பெரும்பங்கு மண்தூசியும் கனிம உப்புகளும். ஆனால் உயிரணுக்களைத் தாக்கும் ஆக்சிஜனேற்ற ஆற்றலில் பெரும்பங்கு, விறகெரித்தல் முதலியவற்றால் விளையும் கரிமச் சேர்மங்களும், வண்டிகளின் தடுப்புக்கட்டையும் சக்கரமும் தேய்வதால் வரும் உலோகங்களும் என்று அது கண்டது. எடை ஒரு பக்கம். தாக்கும் திறன் மற்றொரு பக்கம். எடையைக் குறைத்தால் போதும் என்று அமைவோர், தீங்கு குறைந்த துகளைக் குறைத்துவிட்டு, தீங்கு மிகுந்ததை விட்டுவைக்கவும் கூடும்.

உயிர்வளி உயிரைக் கெடுப்பது எங்ஙனம்?

தாக்கும் திறன் என்பது யாது? இங்கேதான் தமிழாசிரியர்க்கு ஒரு முட்டுப்பாடு நேர்கிறது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ஆக்சிஜனுக்கு 'உயிர்வளி' என்னும் சொல் பழகியது. உயிரை வாழ்விக்கும் வளி என்பது பொருள். அவ்வுயிர்வளியே உயிரணுவைச் சிதைக்கிறது என்று சொன்னால் மாணவன் திகைப்பான். திகைப்பு நல்லதே, அதிலிருந்துதான் அறிவியல் தொடங்குகிறது.

இதற்கு விடை ஜொகூர்த் தமிழர்க்கு நன்கு பழகிய ரப்பரில் இருக்கிறது. தோட்டத்தில் பாலைத் தகடாக்கிப் புகையில் உணர்த்தி எடுத்த தலைமுறையினர் அறிவர்: நல்ல ரப்பரும் வெயிலிலும் காற்றிலும் நெடுநாள் கிடந்தால் பிசுபிசுக்கும், பின் வெடிக்கும். காற்றின் ஆக்சிஜன் ரப்பரின் நீண்ட மூலக்கூற்றைத் தாக்குவதே காரணம். ஓர் இடத்தில் தாக்கினால் அத்தாக்குதல் அடுத்த மூலக்கூற்றுக்குத் தாவும், அங்கிருந்து அடுத்ததற்கு. தோட்டத்து அத்தாப்புக் கூரையில் பற்றிய தீப்போல அது பரவும். செம்பு சிறிதளவு கலந்தாலும் ரப்பர் விரைவில் கெடும் என்பது அத்தொழிலின் பழைய பாடம். உலோகம் அத்தீயை விசிறிவிடுகிறது.

இத்தொடர்வினையின் நடையை 1940களில் இங்கிலாந்தின் ரப்பர் ஆய்வுக்கூடத்தில் போலண்ட், ஜீ என்னும் அறிஞர்கள் கணக்கிட்டுக் காட்டினர். அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று, தாவர எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலத்தின் ஒரு வடிவம். மனித உயிரணுவின் மேலுறையும் அவ்வகைக் கொழுப்பால் ஆனதே. ரப்பர் கெடுவதை அறிய எழுந்த கணக்கு, உயிரணு கெடுவதை அறியவும் உதவிற்று. ரப்பர் மண்ணில் வாழும் ஆசிரியர் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை எங்கே தேடுவது?

இனி நுரையீரல். காற்றறைகளின் மேல் மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டு. அதில் வைட்டமின் சி, யூரிக் அமிலம், குளுட்டதயோன் முதலிய காவற்பொருள்கள் கரைந்துள்ளன. அரைகுறையாக எரிந்த மரம், சதுப்பு மண், டீசல் ஆகியவற்றின் துகளில் குயினோன் என்னும் சேர்மங்கள் இருக்கும். சாலைத் துகளிலும் தொழிற்சாலைத் துகளிலும் இரும்பு, செம்பு முதலிய உலோகங்கள் இருக்கும். படலத்தில் விழுந்த குயினோன், காவற்பொருளிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பெற்று ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது, கொடுத்தபின் பழைய நிலையை அடைந்து மீண்டும் பெறுகிறது, மீண்டும் கொடுக்கிறது. ஆகவே சிறிதளவே இருந்தாலும் அது பலமுறை வேலை செய்யும். எலெக்ட்ரானைப் பெற்ற ஆக்சிஜன் சூப்பராக்சைடு ஆகிறது. அது ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறுகிறது. அங்கே இரும்பு இருக்குமாயின், 1894இல் ஃபென்டன் என்னும் ஆங்கில வேதியியலார் விளக்கிய வினை நிகழ்ந்து, ஹைட்ராக்சில் என்னும் மிகக் கொடிய கூறு பிறக்கிறது. தான் தோன்றிய இடத்தில் அடுத்திருப்பது கொழுப்பாயினும் புரதமாயினும் மரபுப் பொருளாயினும் அதனைத் தாக்காமல் விடாது. காக்க வைத்திருந்த வைட்டமின் சியே இதில் எரிபொருளாகச் செலவாகிறது என்பதுதான் இவ்வினையின் விந்தை.

சிறிது தாக்கினால் உடல் தன் காவலைப் பெருக்கிக்கொள்ளும். தாக்குதல் மிகுந்தால் அழற்சி தோன்றும். மேலும் மிகுந்தால் உயிரணு மடியும். அழற்சி நுரையீரலோடு நில்லாமல் குருதியோடு சென்று இதயத்தையும் நாளங்களையும் தொடும். புகைமூட்ட நாளில் ஆஸ்துமா மட்டுமன்றி மாரடைப்பும் கவலைக்கு உரியதாவது இதனாலேயே.

இவற்றுள் சில கூறுகள் துகளின்மீது ஏறியே வருகின்றன. அவற்றின் ஆயுள் மிகக் குறைவு. சல்லடைத் தாளில் துகளைப் பிடித்து, பின்னொரு நாள் ஆய்வுக்கூடத்தில் அளக்கும் வழக்கம் உண்டு. அதற்குள் அக்கூறுகளில் 60 முதல் 99 விழுக்காடு வரை மறைந்துவிடக்கூடும் என்று சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக ஆய்வாளர் 2025இல் காட்டியுள்ளனர். ஆகவே இதுவரை அளந்தது உண்மையினும் குறைவு என்பது புலனாகிறது.

மூன்று கலைச்சொற்கள்

இத்துணைச் செய்தியையும் தமிழில் சொல்ல இயலும். ஆயினும் இப்போது புழங்கும் கலைச்சொற்கள் சில உதவுவதற்கு மாறாக இடறுகின்றன.

ஆங்கிலத்தில் இக்கூறுகளுக்கு வழங்கும் பெயரை மொழிபெயர்த்து, 'வினைபுரியும் ஆக்சிஜன் இனங்கள்' என எழுதுகின்றனர். இனம் என்றால் மாணவனுக்குப் புலியினம், மீனினம் நினைவுக்கு வரும். உயிரியற் பாடத்தில் அச்சொல்லுக்கு வேறு வரையறை உண்டு. இங்கே குறிக்கப்படுவது ஆக்சிஜன் கொள்ளும் வடிவம். 'வினைமிகு ஆக்சிஜன் வடிவங்கள்' என்றால் பொருள் நேரே விளங்கும்.

அடுத்தது 'தனி உறுப்பு'. தமிழ்நாட்டு வேதியியற் பாடநூல்களில் பயின்ற இச்சொல், இணை சேராத எலெக்ட்ரானை உடைய அணுத்தொகுதியைக் குறிக்கும். நுரையீரலைப் பற்றிய கட்டுரையில் 'தனி உறுப்பு நுரையீரலைத் தாக்கும்' என்று எழுதினால், எந்த உறுப்பு என்று படிப்பவர் தேடுவார். மருத்துவக் கட்டுரைக்கேனும் 'ஒற்றை எலெக்ட்ரான் கூறு' என்று விரித்து எழுதுதல் நலம். மேலும், ஹைட்ரஜன் பெராக்சைடு இவ்வகைக் கூறு அன்று. ஆயினும் வினைமிகு வடிவங்களுள் ஒன்று. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது பரவலான பிழை.

மூன்றாவது 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்'. அழுத்தம் என்றால் பௌதிகத்தில் ஒன்று, குருதி அழுத்தத்தில் ஒன்று. இங்கே எதுவும் எதனையும் அழுத்தவில்லை. தாக்குவது காப்பதைக் காட்டிலும் மிகுந்துவிட்ட நிலையே கருத்து. 'ஆக்சிஜனேற்ற மிகை' எனலாம். மிகை என்னும் சொல்லுக்கு அளவு கடந்தது, குற்றம் என இரு பொருளும் உள்ளமை இங்குப் பொருத்தமே.

அங்ஙனமாயின் 'உயிர்வளி'யையும் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. ஆக்சிஜன் என்னும் பெயரும் பிழையில் பிறந்ததே. அமிலங்களுக்கெல்லாம் மூலம் இதுவே என்று கருதி லவாய்சியர் அப்பெயர் இட்டார். ஆக்சிஜன் இல்லாத அமிலமும் உண்டு என்று பின்னர் ஹம்ஃப்ரி டேவி காட்டினார். பெயர் நின்றுவிட்டது. மூச்சைப் பற்றிய பாடத்தில் உயிர்வளி இருக்கட்டும். ஆனால் நீரில் கரைந்து வினைபுரியும் வடிவத்தை வளி என்பது பொருந்தாது. வேதிப் பாடத்தில் ஆக்சிஜன் இருக்கட்டும். இதற்கு ஒரு பழைய துணையும் உண்டு. இவ்வளியைக் கண்டறிந்தோருள் ஒருவராகிய பிரீஸ்ட்லி 1775இலேயே ஓர் ஐயம் எழுப்பினார்: இத்தூய வளியில் மெழுகுவத்தி விரைந்து எரிந்து தீர்வதுபோல், மனித உயிரும் இதில் விரைந்து தீர்ந்துவிடுமோ என்று. வாழ்விப்பதும் எரிப்பதும் ஒரே வினை என்பதை அவர் அன்றே உய்த்துணர்ந்தார்.

மருந்து விற்போர் வாதம்

அரைகுறை விளக்கத்தின் தீமை வகுப்பறையோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். அது கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது. 'நச்சுக் கூறுகளை அழிக்கும் மாத்திரை' என்று புகைமூட்டக் காலத்தில் விற்பனை நடக்கிறது. ஆக்சிஜன் வடிவங்கள் தீயவை, ஆகவே அவற்றைத் தடுக்கும் பொருளை எவ்வளவு உண்டாலும் நன்மை என்பது அவ்வாதம். அது தவறு. வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்வதற்கு இதே சூப்பராக்சைடைத்தான் ஆக்குகின்றன. அடுப்பில் உள்ள தீயும் கூரையில் உள்ள தீயும் ஒன்றே. இடமும் அளவும்தான் வேறு. பின்லாந்தில் புகைபிடிப்போர்க்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்து நடந்த பெரிய சோதனையின் முடிவு 1994இல் வெளிவந்தது. நுரையீரற் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தனர். 18 விழுக்காடு மிகுந்தது. அமெரிக்காவில் நடந்த அத்தகைய சோதனையும் அதே காரணத்தால் 1996இல் இடையில் நிறுத்தப்பட்டது. பழமும் கீரையும் உண்பது நன்று. புகையை மாத்திரையால் வெல்லலாம் என்பது நன்றன்று. வெல்லும் வழி துகளை உட்புக விடாமையே: நன்கு பொருந்தும் முகக்கவசம், மூடிய அறை, நிறுத்திய ஓட்டப்பந்தயம், எல்லாவற்றினும் மேலாக, எரியாத சதுப்பு நிலம்.

இவற்றையெல்லாம் அறிவியல் ஆசிரியரே கற்பிக்கட்டும் என்று தமிழாசிரியர் ஒதுங்குதல் பொருந்தாது. மாணவன் புகைமூட்டம் பற்றிக் கட்டுரை எழுதுவது தமிழ் வகுப்பில். 'மழை வந்தால் தீரும்' என்று அவன் முடிக்கும்போது சிவப்பு மையால் எழுத்துப்பிழையைத் திருத்தும் கை, கருத்துப்பிழையையும் திருத்துதல் வேண்டும். குழந்தை தன் உடல் எடைக்கு, பெரியவரினும் மிகுதியான காற்றை உள்ளிழுக்கிறது. அடுத்த தென்மேற்குக் காற்றில் திடலில் ஓடப்போகும் சிறுவனுக்கு, குறியீடு 99 என்று இருக்கும் நாளிலும் தன் நெஞ்சுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை அவன் தாய்மொழியில் சொல்லக் கடமைப்பட்டவர் அவன் ஆசிரியர். துகள் என்னும் பழஞ்சொல்லுக்குத் தூசி என்றும் குற்றம் என்றும் பொருள் உண்டு. காற்றில் உள்ள துகளை ஆசிரியரால் அகற்ற இயலாது; சொல்லில் உள்ள துகளை அகற்றுவது அவர் கையில் இருக்கிறது.